சைலன்சர் மாத்தப் போறீங்களா பாஸ்? ஸ்பேனரைத் தொடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் என்று வரிசையாக ஊர்கள் வரும். அங்கிருந்து தெற்கே இறங்கினால் வல்லம் வடகால், ஒரகடம். கார், பைக், டயர், கண்ணாடி, செல்போன் என எல்லாமே தயாராகிற ஏரியா இது. ராயல் என்ஃபீல்டு 2013-ல் ஒரகடத்திலும், 2017-ல் வல்லம் வடகாலிலும் தொழிற்சாலை திறந்தது. யமஹாவும் பக்கத்திலேயே இருக்கிறது. அதாவது, இந்தியாவில் ஓடுகிற பல லட்சம் பைக்குகளின் சைலன்சர்கள் முதன்முதலாகப் புகை விட்டது இந்த மண்ணில்தான்!

ஆனால், அந்தத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களின் பைக்கைப் பார்த்தால் கதையே வேற. ஆறு, ஏழு வருஷம் ஓடிய வண்டி. ரூமிலிருந்து கம்பெனி பஸ் நிற்கிற இடம் வரைக்கும் தினமும் ரெண்டு, மூணு கிலோமீட்டர். மழையில் நனைந்து, சர்வீஸ் ரோட்டுச் சேற்றில் குளித்து, ஒருநாள் காலையில் கிக்கரை உதைத்தால் 'டப டப டப'னு டிராக்டர் சத்தம். குனிந்து பார்த்தால் சைலன்சருக்கு அடியில் ரெண்டு ரூபாய் சைஸில் ஓட்டை.

இப்போ என்ன பண்ணலாம்? கம்பெனி சர்வீஸ் சென்டரில் விலை கேட்டால் தலை சுத்துது. ஆன்லைனில் பாதி விலைக்கு ஒண்ணு இருக்கு. நண்பன் 'வாடா, ஞாயித்துக்கிழமை நாமளே மாட்டிடலாம்'கிறான். மாட்டலாம், தப்பே இல்லை. எதை வாங்குவது, எப்படி மாட்டுவது, எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுவது என்ற மூணும் தெரிஞ்சிருக்கணும். அவ்வளவுதான்.

ஓட்டை ஏன் விழுது?

பலர் 'மழைத் தண்ணி உள்ளே போயிடுச்சு' என்பார்கள். பாதிதான் உண்மை. சைலன்சருக்குள் இருக்கிற தண்ணீரில் பெரும்பகுதி இன்ஜினே தயாரிப்பது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால், கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். நீண்ட தூரம் ஓட்டினால் சைலன்சர் நன்றாகச் சூடாகி, அந்த ஆவி அப்படியே வெளியேறிவிடும். ரெண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் சைலன்சர் முழுசாகச் சூடாவதே இல்லை. ஆவி உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகத் தேங்கும். புகையில் இருக்கும் அமிலத் தன்மையும் அதில் சேர்ந்துகொள்ளும். இரும்பு உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். வெளியே குரோம் பளபளவென்று இருக்கும். உள்ளே தகடு அப்பளமாகியிருக்கும்.

இந்தத் தண்ணீர் வடிவதற்காகவே பல சைலன்சர்களின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அது சேற்றில் அடைத்துப்போனால் அரிப்பு இன்னும் வேகமாகும். சிலர் அதை 'லீக்' என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைத்துவிடுவதும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீங்க. புது சைலன்சர் மாட்டிய பிறகும் இந்தத் துளையை மறக்காதீங்க. வாரம் ஒருமுறை 20, 30 கிலோமீட்டர் சேர்ந்தாற்போல ஓட்டினால் சைலன்சரின் ஆயுள் கூடும்.

உள்ளே என்னதான் இருக்கு?

இன்ஜினுக்குள் பெட்ரோல் எரியும் ஒவ்வொரு முறையும் அழுத்தமான காற்றலை வெளியே பாயும். அதை அப்படியே விட்டால் பட்டாசுச் சத்தம்தான். சைலன்சருக்குள் சின்னச் சின்ன அறைகளும், துளை போட்ட குழாய்களும் இருக்கின்றன. அலை ஒவ்வோர் அறையிலும் விரிந்து, திரும்பி, ஒன்றோடு ஒன்று மோதி வலுவிழந்து வெளியே வருகிறது.

இன்னொரு முக்கியமான ஆளும் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயர் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். தேன்கூடு மாதிரியான அமைப்பு. அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்களின் மெல்லிய பூச்சு. விஷவாயுவான கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகியவற்றைக் குறைப்பது இதன் வேலை. 2020 ஏப்ரல் முதல் அமலான பிஎஸ் 6 விதிகளுக்குப் பிறகு வந்த பைக்குகளில், இதோடு ஆக்சிஜன் சென்சாரும் சேர்ந்துகொண்டது. புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்து, பெட்ரோலைக் கூட்டவோ குறைக்கவோ இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியூ-வுக்குத் தகவல் சொல்வது அதுதான்.

ஒரிஜினல் சைலன்சர் ஏன் விலை அதிகம் என்பதற்கு இதுதான் முக்கியமான பதில். பாதி விலைக்குக் கிடைப்பதில் பெரும்பாலும் இந்தத் தேன்கூடு இருக்காது. வெளித்தோற்றம் ஒண்ணுதான், உள்ளே வெறும் குழாய்!

மூணு வழி இருக்கு... எது உங்களுக்கு?

முதல் வழி, பழசையே சரிசெய்வது. வெளித்தகட்டில் சின்ன ஓட்டை மட்டும் என்றால், நல்ல வெல்டிங் பட்டறையில் பேட்ச் வைத்துவிடலாம். செலவு மிகக் குறைவு. ஒரே ஒரு நிபந்தனை: சைலன்சரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போங்க. வண்டியில் இருக்கும்போதே ஆர்க் வெல்டிங் வைத்தால், அந்த மின்சாரம் இசியூ-வையும் சென்சாரையும் காலி பண்ணிவிடலாம். பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே நெருப்புப்பொறி பறப்பது இன்னொரு ஆபத்து. குலுக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம் வந்தாலோ, தகட்டை அழுத்தினால் உள்ளே போனாலோ பேட்ச் வேலை வீண். அது நாலு மாசத்தில் பக்கத்தில் இன்னொரு ஓட்டை போடும்.

இரண்டாவது, கம்பெனியின் ஒரிஜினல் பாகம். பாக்கெட்டுக்கு வலிக்கும். ஆனால் மாட்டுவது சுலபம். பொல்யூஷன் சர்டிஃபிகேட், இன்ஷூரன்ஸ் என எதிலும் சிக்கல் இல்லை. ஆர்.சி புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மாடல், வருஷம் சொல்லிக் கேளுங்க. ஒரே பெயரில் வரும் பைக்கிலும் பிஎஸ் 4-க்கு ஒரு சைலன்சர், பிஎஸ் 6-க்கு வேறு சைலன்சர் இருக்கும்.

மூன்றாவது, வெளிச்சந்தையில் கிடைக்கும் சைலன்சர். சென்னை ஜி.பி.ரோடு, புதுப்பேட்டை என்று இதற்கு ஒரு பெரிய உலகமே இருக்கிறது. இதில் ரெண்டு வகை. பின்பக்கம் இருக்கும் மஃப்ளரை மட்டும் மாற்றுவது 'ஸ்லிப் ஆன்'. இன்ஜினிலிருந்து கிளம்பும் பெண்ட் பைப் உள்பட மொத்தமும் மாற்றுவது 'ஃபுல் சிஸ்டம்'. இங்கேதான் கவனம் தேவை. சில பைக்குகளில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பெண்ட் பைப்பில் இருக்கும். ஸ்லிப் ஆன் மாட்டினாலும் அது தப்பித்துவிடும். பல பைக்குகளில் அது மஃப்ளருக்குள்ளேயே இருக்கும். மஃப்ளரைக் கழற்றினால் அதுவும் போச்சு. வாங்குவதற்கு முன் உங்கள் வண்டியில் அது எங்கே இருக்கிறது என்று சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்க.

பெட்டியின் மேல் 'ரேஸ் டிராக்கில் மட்டும் பயன்படுத்த' என்ற அர்த்தத்தில் ஏதாவது அச்சிட்டிருந்தால் வைத்துவிட்டு வந்துடுங்க. தண்டலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை. பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில்தான் 1990-லிருந்து மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ரேஸ் டிராக் இருக்கிறது. அந்த பைப்புக்கான இடம் அந்த மதில் சுவருக்கு உள்ளே; நெடுஞ்சாலை இல்லை.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி தந்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. பழுதான பாகத்துக்குப் பதிலாக அதே தரத்தில் ஒன்றை மாட்டினால் பிரச்னையே இல்லை. தரத்தையும் சத்தத்தையும் மாற்றினால்தான் வில்லங்கம்.

சத்தத்துக்கும் எல்லை உண்டு. தயாரிப்பு நிலையில், 80 சிசி வரையுள்ள பைக்குகளுக்கு 75 டெசிபல், 80-க்கு மேல் 175 சிசி வரை 77 டெசிபல், அதற்கு மேல் 80 டெசிபல். 'ரெண்டு, மூணு டெசிபல்தானே கூடுது' என்று நினைக்காதீங்க. டெசிபல் கணக்கு நம்ம கிலோ, லிட்டர் கணக்கு மாதிரி கிடையாது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு. நம் காதுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு சத்தம்.

ஒலி, புகை விதிகளை மீறிய வண்டியை ஓட்டினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 190(2) பிரிவின்படி முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். லைசென்ஸும் 3 மாதம் முடங்கலாம். விசாகப்பட்டினம், புனே போலீஸார் பறிமுதல் செய்த சைலன்சர்களை ரோட்டில் வரிசையாக அடுக்கி, ரோடு ரோலர் ஏற்றி நசுக்கிய வீடியோக்களை நீங்களே பார்த்திருப்பீங்க. ஒரு மாசச் சம்பளத்தில் பாதியைப் போட்டு வாங்கியது, அஞ்சு செகண்டில் தகடு!

வேலையைத் தொடங்கலாமா?

சனிக்கிழமை இரவே வேலை ஆரம்பிக்கிறது. வண்டி நன்றாக ஆறியிருக்கணும். ஓடிக்கொண்டிருக்கும் பைக்கின் பெண்ட் பைப் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும். 70 டிகிரியில் இருக்கும் உலோகத்தை ஒரு நொடி தொட்டாலே தோல் வெந்துவிடும். அதனால் ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுவதுதான் புத்திசாலித்தனம். படுக்கப்போவதற்கு முன், வண்டி ஆறிய பிறகு, இன்ஜினோடு பைப் சேரும் இடத்திலுள்ள ரெண்டு நட்டுகளிலும், கிளாம்ப் போல்ட்டிலும் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து விடுங்க. ராத்திரி முழுக்க ஊறட்டும்.

தேவையான சாமான்கள்: ரிங் ஸ்பேனர், பாக்ஸ் அல்லது டி ஸ்பேனர், ஆலன் கீ, கம்பி பிரஷ், கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, சுத்தமான துணி. கிடைத்தால் ஒரு டார்க் ரெஞ்ச். இன்னொன்று மிக முக்கியம்: புது பேக்கிங். இன்ஜின் வாயில் உட்காரும் அந்த வளையம் ஒருமுறை நசுங்கினால் அவ்வளவுதான்; மறுபடியும் அடைக்காது. சின்னத் தொகைதான். இதில் மிச்சம் பிடிக்கிறேன் என்று பழசையே போட்டால், மொத்த வேலையையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்க. சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டி என்றால், ஆடாமல் நிற்கும்படி பேடாக் ஸ்டாண்டு வேண்டும். சைடு ஸ்டாண்டை மட்டும் நம்பி நட்டை முறுக்காதீங்க. நீங்கள் இழுக்கிற வேகத்தில் வண்டி மேலே சாய்ந்தால் நூற்றைம்பது கிலோ!

கழற்றுவது எப்படி?

1. சாவியை ஆஃப் செய்து எடுத்துவிடுங்க. ஆக்சிஜன் சென்சார் இருந்தால், முதலில் அதன் ஒயர் கனெக்டரைக் கழற்றுங்க. ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. கனெக்டரின் லாக்கை அழுத்தித்தான் எடுக்கணும்.

2. இன்ஜின் பக்கத்து ரெண்டு நட்டுகளை இளக்குங்க. கவனம் முழுக்க இங்கேதான் தேவை. அந்த நட்டு உட்கார்ந்திருக்கும் ஸ்டட், அலுமினிய ஹெட்டில் மாட்டப்பட்டிருக்கிறது. துருப்பிடித்த நட்டைப் பலம் போட்டுத் திருகினால் ஸ்டட் உடைந்துவிடும். கொஞ்சம் இளக்கி, கொஞ்சம் முறுக்கி, மறுபடி இளக்கி, இடையில் ஸ்ப்ரே அடித்து... பொறுமையாக முன்னும் பின்னுமாகப் போங்க. அசையவே இல்லை என்றால் அதோடு நிறுத்திட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. உடைந்த ஸ்டட்டை எடுக்க லேத் பட்டறைக்குப் போக வேண்டியிருக்கும். சைலன்சர் செலவை விட அது பெரிய தலைவலி.

3. அடுத்து, பெண்ட் பைப்பும் மஃப்ளரும் சேரும் இடத்திலுள்ள கிளாம்ப்பை இளக்குங்க. சட்டத்தோடு சைலன்சரைப் பிடித்திருக்கும் பின்பக்க போல்ட்டைக் கடைசியாகக் கழற்றுங்க. அப்போது ஒரு கை, சைலன்சரை அடியில் தாங்கிக்கொண்டிருக்கணும். அந்த போல்ட்டோடு வரும் ரப்பர் புஷ், வாஷர், உள்ளே இருக்கும் சின்ன இரும்புக் குழாய் எல்லாம் எந்த வரிசையில் இருந்தன என்று போனில் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. மாட்டும்போது அந்த போட்டோதான் தெய்வம்.

4. இன்ஜின் வாயில் பழைய பேக்கிங் ஒட்டிக்கொண்டிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்து, கூர் முனையால் மெதுவாக நெம்பி எடுங்க. பலரும் சறுக்குகிற இடம் இது. பழசு உள்ளே இருப்பதைப் பார்க்காமல் அதற்கு மேலேயே புதுசை வைத்துவிடுவார்கள். ரெண்டு பேக்கிங் இருந்தால் எதுவுமே சரியாக உட்காராது.

மாட்டுவது எப்படி?

இதில் ஒரே ஒரு சூத்திரம்தான்: முதலில் எல்லாவற்றையும் லூஸாக மாட்டு, பிறகு முன்னாலிருந்து பின்னால் முறுக்கு.

1. ஸ்டட்டின் மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, புது பேக்கிங்கை இன்ஜின் வாயில் வையுங்க. கீழே விழுந்துகொண்டே இருந்தால், துளியூண்டு கிரீஸ் தடவினால் ஒட்டி நிற்கும்.

2. பைப்பை வைத்து, ரெண்டு நட்டுகளையும் விரலாலேயே நாலைந்து சுற்று ஏற்றுங்க. விரலுக்கு ஏறாத நட்டை ஸ்பேனரால் ஏற்றினால் மரை போச்சு. பின்பக்க போல்ட்டையும் கிளாம்ப்பையும் அதேபோல லூஸாகவே மாட்டுங்க.

3. இப்போ சைலன்சரைக் கையால் ஆட்டிப் பாருங்க. பின்பக்கத் துளையும் சட்டத்தின் துளையும் தானாக நேருக்கு நேர் வரணும். வரவில்லை என்றால் இழுத்துப் பிடித்து போல்ட்டைச் சொருகாதீங்க. அப்படி முறுக்கிய சைலன்சர் எப்போதும் இழுவிசையிலேயே இருக்கும். ஒவ்வொரு குழியிலும் அந்த அதிர்ச்சி பிராக்கெட்டுக்கும் ஸ்டட்டுக்கும் போகும். ஒருநாள் பிராக்கெட் விரிசல் விட்டு, சைலன்சர் ரோட்டில் தொங்கும். நெடுஞ்சாலையில், பின்னால் கன்டெய்னர் லாரி வரும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்க.

4. சரியாக உட்கார்ந்ததும், முன்பக்க நட்டுகளை மாற்றி மாற்றி முறுக்குங்க. இதில் கால் சுற்று, அதில் கால் சுற்று. ரெண்டு பக்கமும் இடைவெளி ஒரே அளவாக இருக்கணும். ஒரு பக்கத்தை முழுசாக முறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் பேக்கிங் கோணலாக நசுங்கும். எவ்வளவு இறுக்கம்? பொதுவாக 6 மில்லி மரைக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவிலும், 8 மில்லி மரைக்கு 20 நியூட்டன் மீட்டர் அளவிலும் இருக்கும். ஆனால் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்வதுதான் இறுதி. டார்க் ரெஞ்ச் இல்லை என்றால், குட்டி ஸ்பேனரைப் பயன்படுத்துங்க. நீளமான பைப் சொருகி முறுக்குகிற வேலை இங்கே வேண்டவே வேண்டாம்.

5. அடுத்து கிளாம்ப். கடைசியாகப் பின்பக்க போல்ட். பழைய ரப்பர் புஷ் வெடித்திருந்தால் அதையும் மாற்றிடுங்க. சென்சாரைப் புதுப் பைப்புக்கு மாற்றும்போது, அதன் முனையில் எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது. ஒயர், சூடான பைப்பைத் தொடாமல் போகிறதா என்றும் பாருங்க.

6. சுத்தமான துணியால் சைலன்சர் முழுவதையும் துடைத்துவிடுங்க. கைரேகையும் எண்ணெயும் அப்படியே இருந்தால், முதல் சூட்டிலேயே குரோமில் கறையாகப் படிந்துவிடும்.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அஞ்சு செக்!

* பின் பிரேக் பெடலை முழுசாக மிதியுங்க. எங்கேயும் பைப்பில் இடிக்கக் கூடாது.
* சீட்டில் ஒருவரை உட்காரவைத்து அழுத்துங்க. ஸ்விங் ஆர்ம், டயர், சைலன்சர் மூன்றுக்கும் நடுவில் இடைவெளி இருக்கணும்.
* சென்டர் ஸ்டாண்டை மேலே தூக்கினால் எதில் போய் நிற்கிறது? பல பைக்குகளில் அதைத் தடுத்து நிறுத்தும் ரப்பர், சைலன்சரில்தான் இருக்கும். வெளிச்சந்தை சைலன்சரில் அது இல்லை என்றால், ஸ்டாண்டு கூடுதலாக மேலேறிச் செயினில் உரசும்.
* பிரேக் ஹோஸ், ஒயர், பிளாஸ்டிக் பேனல் எதுவும் பைப்பைத் தொடக் கூடாது.
* ஹீட் ஷீல்டை மறக்காமல் மாட்டினீங்களா?

கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். நம்ம ஊரில் பல பேரின் வலது கெண்டைக்காலில் ஒரு தழும்பு இருக்கும். சின்ன வயசில் அப்பா வண்டியிலிருந்து இறங்கும்போது பட்ட சூடு! ஹீட் ஷீல்டு இல்லாமல் ஓட்டினால், அடுத்த தழும்பு உங்கள் வீட்டுக் குழந்தையின் காலில் விழும்.

ஸ்டார்ட் பண்ணியாச்சு... அப்புறம்?

வண்டியைத் திறந்த வெளியில் வைத்துத்தான் ஸ்டார்ட் பண்ணணும். ஷட்டர் போட்ட கடை, படிக்கட்டுக்கு அடியில், மூடிய பார்க்கிங் எதுவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று உணரும்போது எழுந்து வெளியே போகவே தெம்பு இருக்காது.

முதல் சில நிமிடங்கள் லேசாகப் புகை வரும். உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணெயும் ஸ்ப்ரேயும் எரிவதுதான், பயப்பட வேண்டாம். லீக் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி: வண்டி குளிர்ந்திருக்கும்போதே ஜாயின்ட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி, ஸ்டார்ட் பண்ணுங்க. குமிழ் வந்தால் லீக். ஓடும்போது 'டிக் டிக்' சத்தம், ஆக்ஸிலேட்டரை விட்டதும் பின்னால் 'பட் பட்' என்று வெடிப்பு, ஜாயின்ட்டைச் சுற்றிக் கறுப்புக் கரி... இவையும் லீக்கின் அடையாளங்கள்தான். மீட்டரில் இன்ஜின் லைட் எரிந்தால் சென்சார் கனெக்டரைப் பாருங்க. அப்போதும் அணையவில்லை என்றால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போகணும்.

ரெண்டு, மூணு முறை சூடாகி ஆறிய பிறகு, பேக்கிங் இன்னும் கொஞ்சம் அமர்ந்து நட்டுகள் இளகியிருக்கும். வண்டி ஆறியிருக்கும்போது அதே அளவுக்கு மறுபடி முறுக்குங்க. 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொருமுறை பார்த்துவிட்டால் நிம்மதி.

சுட்டுடுச்சா?

ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்க. கொலுசு, இறுக்கமான சாக்ஸ் இருந்தால், வீங்குவதற்கு முன் கழற்றிடுங்க. தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீங்க. டூத் பேஸ்ட், இங்க், காபித்தூள், ஐஸ் எதுவும் வேண்டாம். பேஸ்டும் இங்கும் காபித்தூளும் சூட்டைக் குறைக்காது. காயத்தில் கிருமி சேர வழி செய்யும், டாக்டர் பார்ப்பதற்கும் இடைஞ்சல். சுத்தமான துணியால் லேசாக மூடி, பெரிய கொப்புளமாக இருந்தாலோ, குழந்தைக்குப் பட்டிருந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்க.

சத்தம் யாருக்குக் கேட்குது?

'எல்லாம் சரி பாஸ், கொஞ்சம் கெத்தா பேஸ் சவுண்டு வந்தா நல்லாருக்குமே' என்று தோன்றுவது இயல்புதான். வயசு அப்படி! ஆனால், தண்டலம் மாதிரி ஊரில் ஒரு விஷயத்தை யோசிங்க. நம்ம நாட்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளுக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல், பகலில் 55 டெசிபல் என்று எல்லை வகுத்திருக்கின்றன. இரவில் தூங்குவோம், பகலில் வேலை செய்வோம் என்ற கணக்கு அது. ஷிஃப்ட் ஊரில் அந்தக் கணக்கே கிடையாது. மத்தியானம் ரெண்டு மணிக்கு நீங்கள் முறுக்கிக்கொண்டு தெருவில் நுழையும்போது, பக்கத்து ரூமில் ஒருவர் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து ஜன்னலில் லுங்கியைக் கட்டி வெளிச்சத்தை மறைத்துத் தூங்கிக்கொண்டிருப்பார். ராத்திரி மறுபடியும் அவர் பிரஸ் மெஷின் முன்னால் நிற்கணும். அரைத் தூக்கத்தில் அந்த மெஷினுக்கு அருகே கை வைப்பது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்த வாரம் ஷிஃப்ட் மாறும். அப்போ அந்த ரூமில் தூங்குவது நீங்களாக இருப்பீங்க.

அதனால் ஓட்டை விழுந்தால் தள்ளிப்போடாமல் மாத்திடுங்க. உங்க வண்டிக்குரிய பாகத்தை, புது பேக்கிங்கோடு, ஆற அமர மாட்டுங்க. வேலை சரியாக நடந்திருந்தால், ஸ்டார்ட் பண்ணும்போது வண்டி வாங்கிய முதல் நாள் கேட்ட அதே அமைதியான சத்தம் கேட்கும். தெருவில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. அதுதான் பாஸ் கெத்து!